ஆனர்ஸ்காரி விட்டுப்போன பாவு

என் ஓரகத்தி இந்த ஊரில் இருந்த வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு நிம்மதியாக நடமாட முடியாது.

சைக்கிளில் எண்ணெய் டின் கட்டிக்கொண்டு வரும் ஒரு ஆள் இருந்தார். ஒருநாள் எங்கள் வாசலில் எண்ணெயை அளந்துகொண்டே, தன் மச்சான் வீட்டு எருமை காணாமல் போன கதையை ஆரம்பித்தார். தேடிக்கொண்டு மலையடிவாரம் வரை போனதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள். போய்விட்டார். அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவளும் நானும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் அந்த ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டாள். பொறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்காயைப் பொறுக்கி முடித்துவிட்டு, ஆமாம், முடித்துவிட்டுத்தான், ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"அண்ணா, அந்த எரும இன்னா ஆச்சி?"

"எந்த எருமம்மா?"

"உங்க மச்சான் எரும. மலையாண்ட தேடிகினு போனீங்களே. கத அங்கயே நிக்குது."

அந்த மனுஷன் நடு பஜாரில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, படவேடு ஊரில் எவனோ ஒருவன் எருமையைக் கட்டிவைத்துக்கொண்டிருந்ததையும், அவனோடு போட்ட சண்டையையும், எருமை வீடு வந்து சேர்ந்ததையும் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் அவர் வாயைத் திறந்ததே இல்லை. எண்ணெயை ஊற்றுவார், போவார்.

அவள் என் கொழுந்தனின் பெண்டாட்டி. நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள், அவள் சின்னவள். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருத்தியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசும்போது பெயரையாவது விட்டுவைக்க வேண்டும். மெலிந்த உடம்பு, நெற்றி ஓரத்தில் ஒரு தழும்பு. கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், அவளுக்கு இறங்கும். அது எனக்கு ஆகவே ஆகாது. கத்துகிறவளிடம் நாமும் கத்தலாம், மெதுவாகப் பேசுகிறவளை என்ன செய்வது?

டூரிங் டாக்கீஸில் படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜனமெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனது. மறுநாள் சாயங்காலம் அவள் அதே படத்துக்கு மறுபடி டிக்கெட் வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு போய், முதலிலிருந்து உட்காரவைத்தாள். கதாநாயகி கடைசியில் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

சண்டையைக்கூட அவள் பாதியில் விடமாட்டாள். வந்த புதிதில் ஒருநாள், குழாய்த் தண்ணீர் பிடிக்கிற விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. நான் வாய் விட்டேன். "உங்கப்பன்..." என்று ஆரம்பித்த நேரம் பார்த்து வாசலில் விருந்தாளி வந்துவிட்டார்கள். மீதியை விழுங்கிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு போய் "வாங்க வாங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் குந்தினாள்.

"அக்கா, அன்னிக்கி 'உங்கப்பன்'னு ஆரம்பிச்சீங்க. இன்னா சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல, போடி."

"இல்லக்கா. திட்டறதா இருந்தா முழுசா திட்டிடுங்க. பாதியில நிக்குது. எனக்கு ஒரு மாதிரி கீது."

நான் சொல்லவில்லை. பாவம், அவள் அப்பாவைப் பற்றி நான் சொல்ல வந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் இவ்வளவு கேட்கிறாளே என்று ஒரு வீம்பு. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள்.

அப்படிப்பட்டவளைத்தான் படிப்பைப் பாதியில் நிறுத்தவைத்துக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவள் களம்பூர்க்காரி. அம்மா தறி நெய்தவள், அப்பா ரைஸ்மில்லில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் முடிந்ததும், டெல்லியில் சர்க்கார் ஆபீஸில் இருந்த தாய்மாமன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே காலேஜில் சேர்த்தார். கணக்கில் ஆனர்ஸ். மூன்று வருஷப் படிப்பு. இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று அப்பா ஓடியாடி எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசினார். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன் அந்த மனுஷன் எழுந்து நின்றார். "சம்மந்தி, ஒரே ஒரு வருஷம். படிப்ப முடிச்சிட்டு வந்துடும் கொழந்த" என்று கையைக் கூப்பினார். என் மாமனார், "தாராளமா படிக்கட்டும். யார் வாணாம்னா?" என்றார். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நான் என் காதாலேயே கேட்டேன். அவர் சிரித்ததையும் பார்த்தேன்.

வைகாசியில் கல்யாணம். வந்த வாரத்திலேயே தெருவில் அவளுக்கு ஆனர்ஸ்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. "அதென்னாமா ஆனர்ஸு? நம்ப ஊர் பி.ஏ. மாதிரியா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு அவள் சொன்னாள்: "மத்த படிப்புல நாலஞ்சு பாடம், கொஞ்சம் கொஞ்சம் படிப்பாங்க. இதுல பெரும்பாலும் ஒண்ணுதாங்க. அதையே கடேசி வரைக்கும் படிக்கறது." அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் தேசூரில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தவள். அம்மாவுக்குப் பிரசவ சமயம். "கொழந்த பொறக்கட்டும், அப்பறம் போலாம்" என்றார் எங்கள் அப்பா, சிரித்துக்கொண்டே. தம்பி பிறந்தான். வளர்ந்தான். அவனே எட்டாவது முடித்தான். நான் போகவே இல்லை. இதை ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவளிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

என் மாமனார் கெட்டவர் இல்லை. மாமியார் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் வீட்டுத் தறிகளையும் கட்டிக் காத்தவர். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பயம். போன பெண் திரும்பி வராது, வந்தாலும் தன் சின்ன மகனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும் என்று. அதனால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனி பிறந்ததும் காலியாக இருந்த தறியில் ஒரு பாவை ஏற்றினார். நீளவாக்கில் தறியில் இழுத்துக் கட்டும் பட்டு இழைகளைத்தான் பாவு என்போம். எங்கள் வீட்டில் ஒரு பாவுக்கு மூன்று புடவை.

"புது மருமக கைராசி பாக்கணும். நீ குந்தும்மா" என்றார்.

"மாமா, ஆடி பொறந்தா நான் போவணுமே."

"மூணே பொடவ. அதுக்குள்ள முடிஞ்சிடாதா?"

அவள் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். விடியலில் உட்கார்ந்து விளக்கு வைக்கும் வரை நெய்தால் முடிந்துவிடும் என்று கணக்கு வந்தது. குங்குமம் வைத்துக்கொண்டு தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் ஒரு பாவுக்கு ஒரே கைதான். ஒருவர் அடிக்கும் அடி இன்னொருவருக்கு வராது, கை மாறினால் புடவையில் கோடு தெரியும். கை மாறிய பாவு குடும்பத்துக்கு ஆகாது என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். அது தெரிந்துதான் அவர் உட்காரவைத்தார். அவள் எதையும் பாதியில் விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதும் அந்த ஒரு மாதத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நெய்தாள். அப்படி ஒரு நெசவை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாள், கை கழுவுவாள், மறுபடி குழியில் இறங்குவாள். அவள் புருஷன், என் கொழுந்தன், பக்கத்துத் தறியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் ரொம்ப நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர அவனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனி கடைசியில் இரண்டு புடவை இறங்கிவிட்டது. மூன்றாவதில் பாதி வந்துவிட்டாள். அவள் போட்ட கணக்கு சரிதான்.

அப்போது ஜரிகை தீர்ந்துபோனது.

"நாளைக்கி வந்துடும்மா. சொல்லி அனுப்பிச்சிகிறேன்" என்றார் மாமனார்.

மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். அவள் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓடாத தறியில் ஒருத்தி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார்மேல் எரிச்சல் என்று அப்போது தெரியவில்லை. ஆடி முதல் தேதிக்கு முந்தின நாள், சாமிக்குக் கற்பூரம் தேடிக்கொண்டு மாமனாரின் மரப்பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்குக் கீழே ஊதாக் காகிதத்தில் சுற்றிய ஜரிகைக் கட்டுகள் இருந்தன. ஒன்று இரண்டு இல்லை, இன்னும் ஒரு பாவுக்கே போதும்.

பெட்டியை மூடினேன். அடுப்பங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தேசூர் ஞாபகம்தான் வந்தது. கொழந்த பொறக்கட்டும், அப்பறம் போலாம். இந்த ஆம்பளைகள் எல்லோருக்கும் யார் இந்தச் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆடி முதல் தேதி அவள் அப்பா வந்தார். ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதை யாரும் மறுக்க முடியாது. அதை நம்பித்தான் அவரும் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். வெற்றிலைபாக்கு, பழம், பூ, மடியில் ரயில் டிக்கெட். "காட்பாடியிலேருந்து நாளானிக்கி வண்டி. காலேஜு தெறந்துட்டாங்களாம். இன்னும் அஞ்சு நாளுல வந்து சேரலன்னா பேர எடுத்துடுவாங்கன்னு டெல்லி மச்சான் சொல்லிகிறாரு" என்று மாமனாரைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்.

"ஐயே, நானா வாணாங்கறேன்? கூட்டிகினு போங்க" என்றார் மாமனார்.

எல்லோரும் தறியைப் பார்த்தோம். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாவு பாதியில நிக்குதுப்பா" என்றாள். குரல் தரைக்கு இறங்கியிருந்தது. "முடிக்காம வர முடியாது."

அந்த அப்பாவின் முகம் விழுந்துபோனது. "இன்னாம்மா சொல்ற? பேரு போய்டுமே" என்றார். அவள் பாவு இழைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கில் நின்றது, துடைக்கவில்லை. கொழுந்தன் மோட்டுவளையைப் பார்த்தான். என் புருஷன் பீடியைத் தேடினார். மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் உதட்டில் அந்தச் சிரிப்பு.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"மாமா, பொட்டியில கீற ஜரிக யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. சம்பந்தி எதிரில் அந்த வீட்டில் எந்த மருமகளும் அப்படிப் பேசியதில்லை. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். சரி, இப்போது எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அத எடுத்து குடுங்க மாமா" என்றாள். "கைய நிறுத்தாம நெய்ஞ்சா ஒரு வாரத்துல முடிச்சிடறேன். முடிச்சிட்டே போறேன்."

"ஒரு வாரமா? பேரு போய்டும்டி பைத்தியமே!"

"போனா போவட்டும்க்கா. இத நான்தான் ஆரம்பிச்சேன்."

இவளை என்ன செய்வது? பூட்டியது யார் என்று தெரிந்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். தறிக்குப் பக்கத்தில் நூல் நறுக்கும் கத்திரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். இழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதுக்கு அந்தப் பக்கம் போய், இழுத்துக் கட்டியிருந்த பாவில் ஒரு சாண் அகலத்துக்கு அறுத்துவிட்டேன்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் ஜனத்தில் பாவை அறுப்பது தாலியை அறுக்கிற மாதிரி. விறைப்பாக நின்ற இழைகள் படபடவென்று தெறித்துச் சுருண்டு விழுந்தன. என் வாயும் நிற்கவில்லை.

"தோ! இப்ப நெய்டி, பாக்கலாம். அறுந்துபோச்சி. அறுத்தவ நானு. எந்திரிச்சி போ!"

என் புருஷன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"கைய எறக்குடா" என்றார் மாமனார். எழுந்து வந்து அறுந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வயதான முகமாக இருந்தது. "போனவ வருவாளா? நீ ஜவாப்தாரியா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் ஜவாப்தாரி."

"வரலன்னா?"

"வரலன்னா உங்க வூட்டு சோறு எனக்கு வாணாம். தேசூருக்கே போய்டறேன்."

ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதாகிவிட்டது. "அப்ப சரி. இந்தத் தறிய யாரும் தொடக்கூடாது. அவ வந்து கட்டட்டும். வரலன்னா இப்பிடியே கெடக்கட்டும், ஊரு பாக்கட்டும்" என்றார்.

அவள் எழுந்தாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தீர்களா? கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அறுந்த இழைகளைக் குனிந்து ஒன்றுசேர்த்து, பிரிந்துபோகாமல் சின்னச் சின்ன முடிச்சாகப் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது இன்னமும் பாதியிலதான் நிக்குது."

"தெரியும்டி. அதுக்குத்தான் நீ வந்தாவணும்" என்றேன்.

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது, நான் செய்தது முழு மடத்தனம் இல்லை என்று. அறுந்த பாவு இங்கே கிடக்கும்வரை அவளால் எங்கேயும் நிம்மதியாக இருக்க முடியாது. டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள்.

அந்த வருஷத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மாமனார் என்னிடம் பேச்சை நிறுத்தினார். சோறு வைத்தால் சாப்பிடுவார், குழம்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். கூடத்தில் அந்தத் தறி பழைய புடவை ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. நான்தான் போர்த்தினேன். எலி கடிக்காமல் பாச்சை உருண்டை வைத்தேன், மழைக்காலத்தில் சாம்பிராணி போட்டேன். தறியைத் தொடவில்லை, சுற்றிச் சுற்றி வந்தேன். தீபாவளிக்கு அவள் வரவில்லை. டெல்லியிலிருந்து வந்து போவதென்றால் சும்மாவா என்று நானே எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன். பொங்கலுக்கும் வரவில்லை. வந்த கடிதங்களில் எல்லாம் சௌக்கியம், படிக்கிறேன், பாவில் எலி வராமல் பார்த்துக்கொள்ளவும் என்று மூன்றே விஷயம்தான். "பெண்டாட்டி பட்டணத்தோட போய்ட்டாளாமே?" என்று கொழுந்தனை டீக்கடையில் கேட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து நெய்துகொண்டே அழுதான். எனக்கு அவன்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

சித்திரையில் பரீட்சை முடிந்துவிட்டதாக அவள் அப்பா சொல்லி அனுப்பினார். வைகாசியில் வருவாள் என்று நான் அரிசி புடைத்து வைத்தேன், அப்பளம் இட்டேன். வைகாசி முழுக்கப் போனது. ஒரு கடிதமும் இல்லை. ஆனியும் பிறந்தது. பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, "பரிட்ச முடிஞ்சி எம்மா நாளாச்சி, இன்னும் அங்க இன்னா வேல?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள். மாமனார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் என் துணிகளை எடுத்து ஒரு பையில் மடித்து வைத்தேன். ஆடி பிறந்ததும் சொன்ன சொல்லுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு. என் பிள்ளைகளை விட்டுப்போக வேண்டுமே என்று அழுதேன். அவளைத் திட்டினேன், முழுசாகத் திட்டினேன். கேட்கத்தான் அவள் இல்லை.

ஆனி கடைசியில் ஒரு பகல். கூடத்தில் டிரங்குப் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அவள்தான். கறுத்து இளைத்துப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தறியிடம் போய், போர்வையை விலக்கி, தன் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் வசவாகத்தான் வந்தது.

"பாவி! பரிட்ச முடிஞ்சி இத்தினி நாளு எங்கடி போன? உசுரு போச்சிடி எனக்கு!"

"ரிசல்ட்டு வர்ல இல்லக்கா?" என்றாள், எனக்கு இது தெரியாதா என்பதுபோல. "ரிசல்ட்டு பாக்காம எப்பிடி வர்றது? பாதியில வந்த மாதிரி ஆய்டாதா?"

"ஒரு கார்டு போட்டிருக்கலாமேடி!"

"இன்னான்னு போடறது? முடிஞ்சிச்சின்னு போட முடியாது. முடியலன்னு போட்டா நீங்க பயப்புடுவீங்க."

எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் ஒரு கை பாவின் மேலேயே இருந்தது.

மாமனார் அறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் பேசிய மனுஷன் இப்போது எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார்.

"முடிஞ்சிச்சி மாமா. ரெண்டாங் கிளாஸு."

உள்ளே போனார். மரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஊதாக் காகிதக் கட்டுகளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தறியின் ஓரத்தில் வைத்துவிட்டு, "மொதல்ல சாப்டும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா, இன்னா கொழம்பு?" என்றார். அடுப்பங்கரைக்குப் போய்த் தனியாக அழுதேன்.

அறுந்த இழைகளைப் பிணைக்க எங்களுக்கு நாலைந்து நாள் ஆனது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒட்டு இழை வைத்து ஒவ்வொன்றாக முறுக்கினோம். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவளே நெய்து இறக்கினாள். புடவையின் உடலில் ஒரு சாண் அகலத்துக்குப் பொரிப்பொரியாகப் பிசிறு தட்டும். கடைக்காரன் எடுக்கவில்லை. அவள் அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, எனக்கு எதிரில் குந்தினாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அன்று பார்த்தாளே, அதே பார்வை.

"அக்கா, நீங்க எட்டாவது..."

"வேணான்டி."

"பாதியில நிக்குதேக்கா."

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மூத்த பையன் ஆறாவது படிக்கும்போது, மூன்றாம் பேருக்குத் தெரியாமல் பிரைவேட்டாக எட்டாவது பரீட்சை எழுதப் போனேன். தெருவுக்கே தெரிந்துபோனது. முதல் தடவை கணக்கில் போய்விட்டது. விட்டாளா? மறு வருஷம் மறுபடி உட்காரவைத்தாள். பாஸ் செய்த சேதி வந்த அன்று என்னைவிட அவள்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

எண்பதுகளில் அவளுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமனார் பயந்தது கடைசியில் நடந்துவிட்டது, பார்ப்பதற்குத்தான் அவர் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். அந்தப் பிசிறுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போயிருந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தால், குரலை இறக்கிக்கொண்டு கேட்கிறாள்:

"அக்கா, இப்பவாவது சொல்லுங்க. அன்னிக்கி 'உங்கப்பன்'னு ஆரம்பிச்சீங்களே, இன்னா சொல்ல வந்தீங்க?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவ்வளவு அற்ப விஷயம்.

"அது பெரிய கதடி. நேர்ல வா, சொல்றேன்" என்றேன்.

"அக்கா! அக்கா, பாதியில வுடாதீங்க!" என்று அவள் கத்தினாள். என் வாழ்நாளில் அவள் குரல் ஏறிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னவோ கேட்டுக்கொண்டே போனாள். நான் கையை மட்டும் ஆட்டினேன்.

இன்றுவரை அவளுக்கு எழுதும் கடிதம் எதிலும் அதை நான் எழுதவில்லை. எழுதிவிட்டால் அப்புறம் அவள் எதற்கு வரப்போகிறாள்?